எதுகை எங்கே, அணி எங்கே: ஒரு பாட்டைப் பிரித்துப் பார்க்கும் முறை

தமிழ்ப் பாட்டு ஒன்றைக் கொடுத்து "இதில் வரும் அணி என்ன?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: 'போல' எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள், கிடைத்தால் உவமை, கிடைக்காவிட்டால் உருவகம், இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஞாபகத்தில் இருக்கும் பெயர்களில் ஒன்றைக் குத்துமதிப்பாக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பல நேரம் மதிப்பெண்ணும் விழுந்துவிடும். ஆனால் புதிய பாட்டு ஒன்று கையில் வந்தால் இந்த முறை ஒன்றுக்கும் உதவாது. பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் பாட்டு காதில் என்ன செய்கிறது என்று கேட்பது, அப்புறம் எதை எதன் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது, அதில் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது. இந்த வரிசையில் போனால் பெயர் தானாக வந்து சேரும்.

முதலில் காது

வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் மோனையில் பாதி காணாமல் போய்விடும். கூச்சமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், ஃபோனில் பதிவு செய்து திரும்பக் கேட்டாலும் நல்லதுதான். இன்னொன்று, இப்போது பாட்டுகளைப் படிப்பவர்களுக்குப் புரியட்டும் என்று சந்தி பிரித்தே அதிகமாக அச்சிடுகிறார்கள். பொருளுக்கு அது பெரிய உதவி, ஓசைக்கு அது பெரிய இடைஞ்சல். கம்பராமாயணத்தின் ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை அழகிய பெண்ணாக வேடம் போட்டுக்கொண்டு இராமன் முன்னால் வருகிற பாட்டைப் பாருங்கள்:

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சம்நிமிர் சீறடியள் ஆகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்

பிரித்து அச்சிட்ட பதிப்பில் மூன்றாம் அடி 'அம் சொல் இள மஞ்ஞை என' என்று இருக்கும். கண்ணுக்கு 'அம்' என்றுதான் தெரிகிறது, மற்ற அடிகளின் தொடக்கத்தில் இருக்கிற 'ஞ்' அங்கே இல்லை, எதுகை தவறிவிட்டது என்றே தோன்றும். சேர்த்துப் படித்தால் பஞ்சி, செஞ்செவிய, அஞ்சொல், வஞ்சி என்று நான்கு அடிகளும் ஒன்றாக ஒலிக்கும். ஆகவே ஓசைக்காகச் சேர்த்து ஒரு தடவை, பொருளுக்காகப் பிரித்து ஒரு தடவை. இரண்டு வடிவமும் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தப் பாட்டில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் ஓசையும் உவமையும் கைகோத்து வேலை செய்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற இடம் அதிகம் இல்லை. அடியின் தொடக்கத்தில் மட்டுமல்ல, உள்ளேயும் விஞ்சு, கஞ்சம், மஞ்ஞை, நஞ்சம், வஞ்சம் என்று அந்த மெல்லின ஒலியே திரும்பத் திரும்ப வருகிறது. வருகிறவளின் கால் சலங்கை கேட்கிற மாதிரி இருக்கிறது என்று பலரும் சொல்வது இதைத்தான். இப்போது உவமைகளை வரிசையாக எண்ணுங்கள். மயில் போல, அன்னம் போல, மின்னுகிற வஞ்சிக்கொடி போல, நஞ்சு போல. எல்லாவற்றுக்கும் உருபு, அதாவது ஒப்பிட்டுக் காட்டும் சொல், ஒன்றே, 'என'. முதல் மூன்றும் பெண்ணழகுக்குக் கவிஞர்கள் வழக்கமாகச் சொல்கிற உவமைகள், நாலாவது விஷம். ஆனால் வஞ்சி என்ற சொல்லுக்கு எதுகையாக நஞ்சம் அவ்வளவு இயல்பாக வந்து உட்காருவதால் காது அதைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடுகிறது; வஞ்சமகள் என்று கேட்ட பிறகுதான் என்ன நடந்தது என்று நமக்கு உறைக்கிறது. இராமன் முன்னால் அவள் என்ன செய்யப் பார்க்கிறாளோ அதையே பாட்டு நம்மிடம் செய்துவிட்டது. "இப்பாடலில் உவமை அணி பயின்று வந்துள்ளது" என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் விஷயம் முழுதாக வெளியே போய்விடும்.

இதே காதோடு அருணகிரிநாதரின் "முத்தைத்தரு பத்தித் திருநகை, அத்திக்கிறை சத்திச் சரவண" என்பதைச் சொல்லிப் பாருங்கள். அங்கே 'ஞ்ச', இங்கே 'த்த'. வல்லினம் இரட்டித்து வரும்போது நாக்கு ஒவ்வொரு இடத்திலும் முட்டி நின்று புறப்பட வேண்டியிருக்கிறது, பாட்டுக்குத் தாளம் அந்த முட்டலிலேயே கிடைத்துவிடுகிறது. எந்த இன எழுத்து மிகுந்திருக்கிறது என்று கவனிப்பதும் ஓசை ஆராய்ச்சிதான். தொல்காப்பியம் செய்யுளியலில் 20 வண்ணங்கள் என்று சொல்லும்போது வல்லிசை, மெல்லிசை என்றெல்லாம் இதற்குத் தனியாகவே பெயர் கொடுத்திருக்கிறது.

எதுகையும் மோனையும், கொஞ்சம் கறாராக

எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது என்பது எல்லாருக்கும் தெரியும். மறந்துபோவது அடுத்த நிபந்தனை: முதல் எழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கட்டு, பட்டு சேரும். கட்டு, பாட்டு சேராது. இன்னொரு பக்கம், இரண்டாம் எழுத்து அச்சாக அதே எழுத்தாக இருந்தே தீர வேண்டும் என்றும் இல்லை. "பிறவிப் பெருங்கடல்" என்று தொடங்கும் குறளில் இரண்டாம் அடி "இறைவன்". ற, றை: மெய் ஒன்றுதான், ஏறியிருக்கும் உயிர்தான் வேறு, அதனால் எதுகைதான். அதையும் தாண்டி இனத்துக்கு இனம் ஒத்துக்கொள்வதும் உண்டு. "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்பதற்கு அடுத்த அடி "கற்றனைத் தூறும் அறிவு", ட் என்பதும் ற் என்பதும் வல்லினம். "அன்பும் அறனும்", "பண்பும் பயனும்": ன், ண் மெல்லினம். "எல்லா விளக்கும்", "பொய்யா விளக்கே": ல், ய் இடையினம். இந்த மூன்றையும் தெரிந்து வைத்துக்கொண்டால் "இந்தக் குறளில் எதுகையே இல்லையே" என்று தோன்றுகிற இடங்களில் பாதி தீர்ந்துவிடும். இடையில் ய், ர், ல், ழ் என்று ஒரு மெய் கூடுதலாக வந்து நின்றாலும் எதுகை கெடாது, சீவக சிந்தாமணியில் காய்மாண்ட, பூமாண்ட, தேமாங்கனி, ஏமாங்கதம் என்று நான்கு அடிகள் தொடங்குவது போல. இதற்கு ஆசிடை எதுகை என்று பெயர், அடிக்கடி கண்ணில் படாது.

மோனை முதல் எழுத்து. இங்கேயும் உறவுமுறை இருக்கிறது: அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம், இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம், உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். மெய்யில் ச–த, ஞ–ந, ம–வ தங்களுக்குள் சேரும். அதனால்தான் "பிறவிப் பெருங்கடல்" மோனை ஆகிறது, பி, பெ இரண்டிலும் இருப்பது ஒரே கூட்டத்து உயிர்கள். "பிறவிப் பகைவன்" என்றால் ஆகாது, ப் என்ற மெய் ஒன்றாக இருந்தும்.

எந்தச் சீரில் (அடி ஓசைக்காகப் பிரிந்து நிற்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர்) வருகிறது என்பதை வைத்துப் பெயர் மாறும், எதுகைக்கும் மோனைக்கும் இதே பெயர்கள்தான். நான்கு சீர் அடியில் முதல் சீரோடு இரண்டாவது சேர்ந்தால் இணை, மூன்றாவது சேர்ந்தால் பொழிப்பு, நாலாவது சேர்ந்தால் ஒரூஉ. "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி" ஒரூஉ மோனை. "இனிய உளவாக இன்னாத கூறல்" பொழிப்பு. "தானம் தவமிரண்டும் தங்கா வியனுலகம்" என்று முதல் மூன்றும் வந்தால் கூழை, "கற்க கசடறக் கற்பவை கற்றபின்" என்று நான்கும் வந்தால் முற்று. மேற்கதுவாய், கீழ்க்கதுவாய் என்று இரண்டு பாக்கி இருக்கின்றன: 1, 3, 4 என்று வந்தால் மேல், 1, 2, 4 என்று வந்தால் கீழ். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும், மற்றவர்கள் எந்தெந்த இடத்தில் ஒலி திரும்புகிறது என்று பார்த்தாலே போதும்.

இதில் எண்ண வேண்டியது சொல்லை அல்ல, சீரை. இது நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் / துப்பாய தூஉம் மழை" என்ற குறளில் கடைசி அடியின் சொல் 'துப்பு ஆயதூஉம்'. சொல்லாகப் பிரித்தால் 'தூஉம்' என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் சீர் 'துப்பாய' என்பதோடு முடிந்து 'தூஉம்' அடுத்த சீராகத் தொடங்குகிறது, அதனால் அங்கேயும் ஒரு மோனை விழுகிறது. சொல்லின் நடுவில் சீர் வெட்டிக்கொண்டு போவதைத் தளைக்காக (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதிக்காக) செய்த சமரசம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், பல இடங்களில் ஓசை பிறப்பதே அந்த வெட்டில்தான். அந்தத் 'தூஉம்' அளபெடை, தூ என்பதை நீட்டிச் சொல்ல வேண்டும், இரண்டு தனி எழுத்தாகக் குதிக்கக் கூடாது.

இயைபு அடியின் கடைசியில் ஒலி ஒன்றுவது. சினிமாப் பாட்டு கேட்டே வளர்ந்த காது இதைத்தான் முதலில் தேடும். பழைய பாட்டில் ஒலிச் சேர்க்கை பெரும்பாலும் அடியின் தலையில் இருக்கும், வாலில் தேடினால் ஏமாற்றம்தான். அந்தாதி ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வருவது, அபிராமி அந்தாதி 'உதிக்கின்ற' என்று தொடங்கி 100-ஆம் பாட்டில் அதே சொல்லுக்கு வந்து சேர்வதைப் பார்த்தால் புரிந்துவிடும். சலசல, படபட மாதிரி இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது. 'பாம்பு பாம்பு' பிரித்தாலும் பொருள் தரும், அது அடுக்குத்தொடர். இவ்வளவு போதும்.

ஒப்புமையில் எது விடுபட்டிருக்கிறது?

அணிக்கு வருவோம். தண்டியலங்காரம் பொருளணிகள் என்று 35 சொல்கிறது. 35 பெயரையும் கையில் வைத்துக்கொண்டு பாட்டைத் துழாவ வேண்டியதில்லை, ஏனென்றால் நடைமுறையில் நாம் அதிகம் சந்திப்பது ஒப்புமையின் பல வடிவங்களைத்தான். ஒரு முழு ஒப்புமையில் நான்கு இருக்கும்: சொல்ல வந்த பொருள் (உவமேயம்), எதோடு ஒப்பிடுகிறோமோ அது (உவமானம்), இரண்டுக்கும் பொதுவான தன்மை, நடுவில் ஓர் உருபு. பாட்டில் இந்த நான்கில் எது இல்லை என்று பாருங்கள்.

நான்கும் இருக்கிற நிலை: "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை / இகழ்வார்ப் பொறுத்தல் தலை." பொருள் பொறுமை உடையவன், உவமானம் நிலம், பொதுத்தன்மை தாங்குதல், உருபு போல. சிக்கலே இல்லை. ஆனால் பொதுத்தன்மை என்ன என்று கேட்காமல் நகர்ந்துவிடாதீர்கள். தொல்காப்பிய உவமவியல் முதல் நூற்பாவிலேயே வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரித்துவிடுகிறது. புலி போலப் பாய்ந்தான் என்பது வினை, மாரி அன்ன வண்கை பயன், துடி போன்ற இடை வடிவம், பவழம் போன்ற வாய் நிறம். நிலம் பற்றிய குறளில் ஒப்பு வினையில்.

உருபு 'போல' மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் நிறைய. நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று 12 சொல்லி, 'பிறவும்' என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறது. குறளில் அடிக்கடி கடைசியில் 'அற்று' என்று முடியும், "கனியிருப்பக் காய்கவர்ந் தற்று" மாதிரி. அதுவும் உருபின் வேலையைத்தான் செய்கிறது. "வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று" என்பதில் உவமானமே உலகத்தில் நடக்காத ஒன்று, பாறை நிலத்தில் பட்டமரம் துளிர்ப்பது. அதனால் அது இல்பொருள் உவமை. மறுபக்கம், 'போல' வந்ததெல்லாம் உவமையும் இல்லை. 'மழை வரும்போல' என்பது ஊகம்.

உருபு மட்டும் மறைந்தால்? மதிமுகம். மதி போன்ற முகம், உவமைத்தொகை. அதையே திருப்பி முகமதி என்றால் முகமாகிய மதி, இரண்டையும் வேறில்லை என்று சொல்லியாகிவிட்டது, உருவகம். எது முன்னால் நிற்கிறது என்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்: உவமானம் முன்னால் வந்தால் உவமை, பின்னால் வந்தால் உருவகம். மலர்க்கை, கைமலர். தாமரைமுகம், முகத்தாமரை. இந்த ஒரு சோதனை தமிழில் இருக்கிற மாதிரி சுலபமாக வேறெதுவும் கிடையாது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். "பிறவிப் பெருங்கடல்" இதில் தேறிவிடும். ஆனால் பிறவி கடல் என்றால் கடக்க உதவும் இறைவன் அடி தெப்பம் ஆக வேண்டுமே, வள்ளுவர் அதைச் சொல்லாமல் விட்டார், ஆகவே ஏகதேச உருவகம்.

இரண்டு வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று நடுவில் உருபு இல்லையென்றால் எடுத்துக்காட்டு உவமை. மணற்கேணி தோண்டத் தோண்ட ஊறும். அறிவு கற்கக் கற்க ஊறும். 'அதுபோல' என்பதை நாம்தான் போட்டுக்கொள்கிறோம்.

அடுத்த படி, சொல்ல வந்த பொருளே காணாமல் போவது. "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் / சால மிகுத்துப் பெயின்." மயிலிறகு ஏற்றிய வண்டிதான், ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். குறள் அவ்வளவுதான். இறகும் வண்டியும் மட்டுமே கண்ணில் படுகின்றன, அரசனையோ பகைவர்களையோ பற்றி ஒரு சொல்லும் கிடையாது. வலியறிதல் என்ற அதிகாரத்துக்குள் இருப்பதால் எளிய பகைவர்களும் பலராய்ச் சேர்ந்தால் வலியவனை வீழ்த்திவிடுவார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பிறிதுமொழிதல். இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி: இந்தப் பாட்டு உண்மையிலேயே வண்டியைப் பற்றியதா? 'இல்லை' என்று தோன்றினால், ஆனால் வேறு எதைப் பற்றி என்பது பாட்டுக்குள் எழுதப்படாமலே இருந்தால், அதுதான்.

தற்குறிப்பேற்றம் இந்த வரிசையில் சேராது, தனி ரகம். இயல்பாக நடக்கிற ஒன்றுக்குக் கவிஞர் தன் கற்பனையில் ஒரு காரணம் ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு முன்னால் வையையைக் கடக்கிற இடம்:

வையை என்ற பொய்யாக் குலக்கொடி
தையற்கு உறுவது தான்அறிந் தனள்போல்
புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக்
கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி

ஆற்று நீரில் பூ மிதப்பது சாதாரணம். இளங்கோ அதைப் பார்த்து, கண்ணகிக்கு வரப்போவது தெரிந்துவிட்டதால் வையை பூவாடை போர்த்திக்கொண்டு கண்ணில் நிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொண்டாள் என்கிறார். கொஞ்சம் தள்ளி மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுவது 'வராதீர்கள்' என்று கைகாட்டுவது போல இருக்கிறது, பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்திருப்பது அந்தக் கொடியைத்தான், எனக்கு இந்த ஆறுதான் பிடிக்கும். 'அறிந்தனள்போல்' என்று உருபு இருப்பதைப் பார்த்துவிட்டு உவமை என்று எழுதிவிடாதீர்கள். ஆறு வேறு எதோடும் ஒப்பிடப்படவில்லை, ஆற்றின் செயலுக்கு ஒரு காரணம்தான் கற்பிக்கப்படுகிறது. அப்புறம் வையை, தையற்கு; புண்ணிய, கண்ணிறை என்று இரண்டிரண்டு அடியாக எதுகை மாறுவதையும் கேளுங்கள்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ஒப்பிட்டுவிட்டு உடனே வித்தியாசம் காட்டினால் வேற்றுமை அணி, "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே / நாவினாற் சுட்ட வடு" என்பதில் சுடுவது பொது, ஆறுவது வேறு. வரிசையாகச் சொல்லிவிட்டு அதே வரிசையில் பொருத்தினால் நிரல்நிறை: அன்பு பண்பு, அறன் பயன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் பின்வருநிலை, அதில் பொருள் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். "சொல்லுக சொல்லை" குறளில் மாறவில்லை, சொற்பொருள் பின்வருநிலை. துப்பார்க்குத் துப்பாய குறளில் உண்பவர், நல்லது, உணவு என்று மாறிக்கொண்டே போகிறது, சொல் பின்வருநிலை.

தொனியில் ஏமாற்றுவது வஞ்சப்புகழ்ச்சி. "தேவர் அனையர் கயவர்" என்று தொடங்கும்போது அது பளிச்சென்ற உவமை, உருபு வேறு இருக்கிறது. ஏன் தேவர் மாதிரி என்றால் "அவருந்தாம் மேவன செய்தொழுக லான்", நினைத்ததைச் செய்துகொண்டு திரிவதால். புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஒளவை இன்னும் நைசாகச் செய்வார். அதியமானுக்காகத் தூது வந்த ஒளவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைப் பெருமையாகக் காட்ட, உன் ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். இவ்வே, அவ்வே. உவமை இல்லை, உருவகம் இல்லை, ஒரு கடுமையான சொல்கூட இல்லை. இந்த மாதிரி இடத்தில் யார் யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல் பாட்டை மட்டும் பிழிந்தால் ஒன்றும் வராது, பாட்டின் அடியில் இருக்கும் துறைக் குறிப்பையும் (எந்தச் சூழலில் பாடியது என்ற குறிப்பு) படியுங்கள்.

புதுக்கவிதைக்கு வந்தால் சீர் எண்ணிப் பயனில்லை, எதுகையும் மோனையும் கட்டாயம் இல்லை. அங்கே குறியீடு, படிமம், முரண், வரியை எங்கே ஒடிக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பாரதியின் "அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்" மரபின் ஓசையிலேயே இருந்தாலும் இதற்கு நல்ல வாசல்: சின்ன நெருப்பு, காட்டுப் பொந்து, வெந்து தணிந்த காடு. எது குஞ்சு, எது காடு என்று பாரதி சொல்லவில்லை, பிறிதுமொழிதல் போல அதிகாரத் தலைப்பும் கைகொடுக்கவில்லை. விடுதலை என்று படிக்கலாம், ஞானம் என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் இடம் கொடுப்பதால் அது குறியீடு. கடைசியில் வரும் 'தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்' என்பதற்குப் பொருள் தேடவே வேண்டாம், அது ஜதி.

இரண்டு பாட்டில் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்போம்

முதலாவது காளமேகம்:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது

காது முதலில். ஆடி, மூடி, ஓடி என்று முன் பாதியில் ஓர் எதுகை (தனிச்சொல்லும் அதில் சேர்ந்துகொள்கிறது), பற்றி, உற்றி என்று பின் பாதியில் இன்னொன்று: நேரிசை வெண்பா. மோனை: ஆடி–ஆடும் பொழிப்பு, மூடி–முகம் பொழிப்பு, பற்றி–பரபர–பாரி என்று கூழை, கடைசியில் உற்றி–ஓது, உ கூட்டத்து உறவு. 'பரபர' இரட்டைக்கிளவி. 'பாரிற்பிண்' என்று சீர் ஒரு சொல்லின் நடுவில் வெட்டுகிறது, அந்த வெட்டு எங்கே விழுகிறது என்பதை மறக்காதீர்கள்.

அணி? கடைசி அடி சொல்லிவிடுகிறது, பாம்பும் எள்ளும். சிலேடை. இதைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்துவிடாது, ஒவ்வொரு தொடரையும் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாம்பு ஆடிவிட்டுக் குடத்தில் அடையும், எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குப் போகும். ஆடும்போது பாம்பு சீறும், செக்கு இரையும். மூடியைத் திறந்தால் பாம்பு முகம் காட்டும், எண்ணெயில் நம் முகம் தெரியும். ஓடி மண்டையைப் பற்றினால் பரபர, விஷம் ஏறினாலும் சரி எண்ணெய் தேய்த்தாலும் சரி. பிண்ணாக்கு எள்ளுக்குத் தெரிந்ததுதான். பாம்புக்குப் பிள் நாக்கு, பிளந்த நாக்கு. சீர் 'பிண்' என்று நின்று 'ணாக்கு' என்று தொடங்கும்போது காதில் நாக்கு தனியாகக் கேட்கிறதே, அதற்காகத்தான் அந்த வெட்டைக் கவனிக்கச் சொன்னேன்.

இரண்டாவது ஆலங்குடி வங்கனார், குறுந்தொகை 8. தலைவன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான், பரத்தை பேசுகிறாள்:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்இல் பெருமொழி கூறித் தம்இல்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

கழனி, பழன அடி எதுகை. எம்இல், தம்இல் ஒரே அடியின் முதலிலும் கடைசியிலும் நிற்பதால் ஒரூஉ எதுகை, கூடவே முரண்: என் வீட்டில் பெரிய பேச்சு, அவன் வீட்டில் வேறு கதை. கையும் காலும் இணை மோனை. கதூஉம் அளபெடை, மீன் பழத்தைக் கவ்வுகிற இடத்தில் குரல் நீளுகிறது. 'போல' வருகிற அடியில் மூன்று சீர்தான், ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தின அடி அப்படி வருவது வழக்கம். ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பம் என்ற உவமை அந்தக் குட்டை அடியில் தனியாக நிற்பதால் வாசிக்கிறவர் மூச்சு அங்கே ஒரு கணம் தட்டுகிறது. நாம் கையைத் தூக்கினால் தூக்கும், காலைத் தூக்கினால் தூக்கும், அப்படி ஆட்டத்துக்கு ஆடுகிறான் என்கிறாள். வெளிப்படையான உவமை இது ஒன்றுதான், ஒப்பு வினையில்.

அப்படியானால் மாம்பழமும் வாளை மீனும் எதற்கு? ஊர் வர்ணனை என்று தாண்டிப் போகலாம், 'ஊரன்' என்ற சொல்லுக்கு அடைமொழியாகத்தான் இலக்கணப்படி அது நிற்கிறது. ஆனால் வயலோரத்து மரத்திலிருந்து பழுத்துத் தானாக விழுகிற பழத்தை வாளை உழைப்பே இல்லாமல் கவ்விக்கொள்கிறது. நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனாக வந்து விழுந்தான் என்று அவள் சொல்லாமல் சொல்வது அதில் இருக்கிறது. பொருளும் இல்லை, உருபும் இல்லை, பொதுத்தன்மையும் இல்லை, உவமானம் மட்டும் ஊர்க் காட்சி மாதிரி வேடம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளுறை உவமம். சங்கப் பாட்டில் தலைவனின் ஊரைச் சொல்லும்போது ஒரு மரமோ மீனோ குரங்கோ ஏதாவது செய்துகொண்டிருந்தால் அங்கே நின்று, அதைக் கதைமாந்தரில் யார் மேல் வைத்துப் பார்க்கலாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும்.

கடைசியாக, அவள் 'மனைவி' என்று சொல்லவே இல்லை. 'தன் புதல்வன் தாய்க்கே' என்கிறாள். பிள்ளையைப் பெற்றவள், அவ்வளவுதான், அவளுக்கு இந்த ஆட்டம் ஆடுகிறான் என்று. அணி நூல்களின் 35 பெயரில் இந்தக் குத்துக்கு ஏற்றதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பாட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.